கை காட்டினால் ஜீப் நிற்கும்

நான் பார்த்த மனிதர்களில் "தெரியாது" என்ற வார்த்தையை வாயிலேயே வைக்காதவர் தண்டாயுதபாணி அண்ணன் ஒருவர்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்து வளர்ந்த தொழில் அப்படி. பழனியில் ரயிலிறங்கும் யாத்திரிகர்களை அழைத்துப்போய், தங்க இடம் காட்டி, மொட்டை போட வைத்து, மலைப்படி ஏற்றி, சாமி கும்பிட வைத்து, திரும்ப ரயிலேற்றி விடுகிற குடும்பம். படியேறும்போது மண்டபத்துக்கு மண்டபம் கதை சொல்லியாக வேண்டும். யாத்திரிகர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தத் தூணில் ஏன் குதிரை இருக்கிறது?" என்று கேட்பார். "தெரியாதுங்க" என்று சொன்னால் அடுத்த வருஷம் அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். ஆகவே குதிரைக்கு ஒரு கதை இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த படியில் கால் வைப்பதற்குள் உண்டாக்க வேண்டும். அண்ணன் உண்டாக்கிவிடுவார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் அவருக்கும் அவர் தம்பிகளுக்கும் சண்டை வந்தது. எந்த ஊர் யாத்திரிகர் யாருக்கு என்று பங்கு பிரித்ததில், தைப்பூசத்துக்கு மட்டும் வருகிற நாலைந்து ஊர்களை அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள். மனிதர் கோபித்துக்கொண்டு சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, நாட்டு வரலாறும் நல்ல குடிமகனாக வாழும் முறையும் கற்பிக்கிற திட்டம் ஒன்று வந்திருந்தது. எங்கள் கொடைக்கானல் மலைப் பகுதிக்கு ஒரு ஜீப், ஒரு பட மிஷின், ஒரு சின்ன ஜெனரேட்டர், ஒரு டிரைவர், இவற்றோடு இரண்டு ஆள். ஒருவன் மிஷின் ஓட்டுகிறவன். அது நான், பிச்சை முகம்மது. கொடைக்கானல் பஜாரில் எங்கள் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. நான் கடையில் உட்காராமல், வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் பட மிஷின் ஓட்டப் பழகினேன். மிஷினோடு சேர்ந்து கொஞ்சம் இங்கிலீஷும் காதில் ஏறிவிட்டது. இன்னொரு ஆளுக்கு விளக்கவுரையாளர் என்று பெயர். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் படத்தையே அனுப்பித் தொலைக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தமிழ்ப் பேச்சு போட்ட படங்கள் இருக்கத்தான் இருந்தன. அவை கீழே சமவெளிப் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. படம் அனுப்புகிற ஆபீசில் இருந்த மேதாவிகள் எங்கள் முகவரியில் 'கொடைக்கானல்' என்று இருந்ததைப் பார்த்தார்கள். கொடைக்கானல் என்றால் கான்வென்ட். கான்வென்ட் என்றால் இங்கிலீஷ். ஆக, பூண்டியில் பூண்டுக்குக் களையெடுத்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைக்கும், பள்ளங்கியில் மாட்டைக் கட்டிவிட்டு வந்து உட்காரும் பிள்ளைக்கும் இங்கிலீஷ் படம். தமிழ்ப் படம் வேண்டும் என்று ஒன்பது வருஷம் எழுதிப் பார்த்தோம். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது, நல்ல தமிழில்.

விளக்கவுரையாளர் வேலைக்கு நேர்காணல் வைத்தபோது, "இங்கிலீஷ் தெரியுமா?" என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வழக்கப்படி, "தெரியுங்க" என்றார். அடுத்த கேள்வியை இங்கிலீஷில் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். கேட்டவருக்கே அதில் என்ன சிரமமோ, கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. தற்காலிக வேலை. வருஷா வருஷம் ஏப்ரல் மாதம் புதுப்பிப்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

முதல் படம் பள்ளங்கியில். டில்லியில் இருக்கிற பார்லிமெண்டைப் பற்றியது. கட்டடம் திரையில் வந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாருங்க பிள்ளைகளா, வட்டமா ஒரு கட்டடம் தெரியுதா? சுத்திலும் தூணு. எத்தனை தூணுன்னு எண்ணிப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். அதான் அதோட மகிமை. உள்ள போற பெரியவங்க எல்லாம் மூணு சுத்து சுத்தி வந்துதான் நடையேறணும். ஏலே, பின்வரிசை, பேசாம பாரு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஷினை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தலைமையாசிரியரும் பார்த்தார். கடைசியில் அவர் எங்கள் புத்தகத்தில், 'மாணவர்கள் மிகுந்த பயனடைந்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன்.

தேர்தல் படம் வந்தபோது ஓட்டுப் பெட்டி உண்டியலாகிவிட்டது. "உண்டியல்ல என்ன போட்டோம், என்ன வேண்டிக்கிட்டோம்னு வெளியில சொல்லுவோமா? சொன்னா பலிக்காதுல்ல? ஓட்டும் அப்பிடித்தான். யாருக்குப் போட்டேன்னு எவன் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது."

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் சொன்னேன்: "அண்ணே, படத்துல அவன் அப்படிச் சொல்லலையே."

"பின்ன என்ன சொன்னான், பாய்?"

"ஓட்டு ரகசியமா இருக்கணும்னு சொன்னான்."

"நானும் அதைத்தானே சொன்னேன்?"

"காரணம் வேற சொன்னான்."

"என்ன காரணம்?"

அந்தக் காரணம் என் இங்கிலீஷுக்கு எட்டவில்லை. பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு பேசாமல் வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைகளுக்குச் சந்தோஷம், வாத்தியார்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, மேலே இருப்பவர்களுக்கு 'மிகுந்த பயனடைந்தனர்' என்ற காகிதம். எனக்கும் ஏப்ரலில் வேலை புதுப்பித்தாக வேண்டும். நான் ஒருவன் உண்மை பேசி யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

இப்படியே ஒன்பது வருஷம் ஓடிற்று. அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று, அண்ணனுடைய வேலையை நிரந்தரமாக்கும் பைல் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, எங்கள் பகுதிக் கல்வி அதிகாரி சுவாமிநாதன் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால் சாகும்வரை பென்ஷன். அண்ணனுடைய மனைவி விசாலாட்சி அக்கா பழனிக்குப் போய் ஓரகத்திகள் முன்னால், "பெர்மனண்ட் ஆகப்போறாக" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் ஆகாமல் இருக்கக்கூடாது.

இன்னொன்று, புதுப் படம் ஒன்று வந்தது. பதினாலு நிமிஷப் படம். இங்கிலீஷ் தலைப்புக்குக் குடிமகனின் கடமைகள் என்று அர்த்தம். அண்ணன் அதை 'குடிமகனோட அதிகாரம்' என்று அறிவித்தார். அதை முதலில் கூக்காலில் காட்டினோம்.

கூக்காலுக்குப் போவதென்றால் பூண்டி வரைக்கும் ஜீப். அப்புறம் மட்டக்குதிரை. ஒரு குதிரை மேல் மிஷின், ஒரு குதிரை மேல் ஜெனரேட்டர், நாங்கள் நடை. பட்டப்பகலில் படம் தெரிய வேண்டுமே, அதற்காக வீட்டுக்கு வீடு கம்பளி வாங்கி வந்து பள்ளிக்கூட ஜன்னலில் தொங்கவிடுவார்கள். மணியகாரர் திருமலைச்சாமிதான் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார். சாவி அவரிடம்தான் இருக்கும், ஏனென்றால் வாத்தியார் இருக்க மாட்டார். ஞானவேல் என்று ஒரு வாத்தியாரைக் கூக்காலுக்குப் போட்டிருந்தார்கள். மனிதர் பழனியில் இருந்தார். குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். சம்பளம் ஒத்துக்கொண்டது. நாங்கள் படம் கொண்டுபோகிற நாள்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நாள்.

அன்றைக்குப் படத்தில் கண்ணாடி போட்ட ஒருத்தர் குப்பையைத் தொட்டியில் போட்டார், வரிசையில் நின்றார், வரி கட்டினார். இதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். அப்போது அந்தக் கண்ணாடிக்காரர் நடுரோட்டில் நின்று கை காட்டினார். ஒரு கார் வந்து நின்றது. தொப்பி வைத்த அதிகாரி இறங்கி, அவர் முன்னால் நின்று விரலை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி திட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. முழுசாகப் புரியவில்லை.

அண்ணனுக்கு வேறு மாதிரி புரிந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு அடி நகர்ந்து வந்தார்.

"பிள்ளைகளா, இதை நல்லாப் பார்த்துக்கங்க. பழனியில சாமி சப்பரத்துல வீதியில வர்றப்ப, எம்புட்டு ஏழை வீடா இருந்தாலும் வாசல்ல தேங்காய் பழத் தட்டோட நின்னா, சப்பரம் நிக்கும். நின்னு தீபாராதனை வாங்கிட்டுத்தான் போகும். சாமியே நிக்குது. சர்க்கார் வண்டி நிக்காதா? குடிமகன் கை காட்டுனா வண்டி நிக்கணும். உள்ள இருக்கிற ஆபீசர் எறங்கணும். எறங்கி, நின்னுக்கிட்டே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். உக்காந்துக்கிட்டுச் சொன்னா செல்லாது. இதுதான் சட்டம்."

முன்வரிசையில் காளியாயி என்று ஒரு பிள்ளை. பதினொரு வயசு இருக்கும். அது எழுந்து கேட்டது: "பொம்பளப் பிள்ளை கை காட்டுனாலும் நிக்குமா ஐயா?"

"சப்பரம் ஆம்பளை வீடு, பொம்பளை வீடுன்னு பார்த்தா நிக்குது? நிக்கும், தாயி."

காளியாயி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும் வழியில், குதிரைக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் அண்ணனிடம், "அந்த ஆபீசர் திட்டுறாருண்ணே" என்றேன்.

"திட்டுறதுக்கு யாராச்சும் கார்லேர்ந்து எறங்குவாங்களா, பாய்? உக்காந்த எடத்துலேர்ந்தே திட்டலாமே."

நியாயமான கேள்வி. நான் அதோடு விட்டுவிட்டேன்.

தை மாதம் கல்வி அதிகாரி சுவாமிநாதன் பூண்டிக்குத் தணிக்கைக்குப் புறப்பட்டார். கூக்கால் பள்ளிக்கூடத்தையும் அவர் பூண்டியில் உட்கார்ந்தபடியே தணிக்கை செய்துவிடுவார். பதிவேட்டை அங்கே வரவழைத்து, 'பார்வையிட்டேன்' என்று எழுதுவார். பதிவேட்டைப் பார்வையிட்டது உண்மைதானே. அன்றைக்கு எங்கள் ஜீப்பில்தான் வந்தார். முன்னால் அவர், டிரைவர் குமாரவேல். பின்னால் படப்பெட்டிகளோடு நானும் அண்ணனும். அதிகாரி வழியெல்லாம், உமது பைல் என் மேசையில்தான் இருக்கிறது என்று அண்ணனுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார். அண்ணனும் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்து ஜீப் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

பூண்டிக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. குமாரவேல் பிரேக்கை அழுத்தினார். ரோட்டுக்குக் குறுக்கே நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் காளியாயி, வலது கையைத் தூக்கிக்கொண்டு. அதிகாரி பார்க்கப் பதிவேடு பூண்டிக்குப் போகிறது என்று தெரிந்து, கூக்காலிலிருந்து வெள்ளனே புறப்பட்டு நடந்து வந்திருக்க வேண்டும். பாதிப் பேர் காலில் பனியும் சேறும்.

வண்டி நின்றதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றுவிட்டதே! அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. காளியாயி கையை இறக்காமலே ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தது.

"எறங்குங்க ஐயா."

"எதுக்கு?" என்றார் அதிகாரி.

"கேள்வி கேக்கணும். நீங்க எறங்கி நிக்கணும். அதான் சட்டம்."

"எந்தச் சட்டம்? யார் சொன்னது உனக்கு?"

"படத்துல காட்டுனாங்க. அந்தா, பின்னாடி உக்காந்திருக்காரே படத்து ஐயா, அவருதான் சொன்னாரு."

அண்ணன் போர்த்தியிருந்த சால்வையை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டார். அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார். இறங்கவில்லை.

"என்ன கேள்வி?"

"எங்க வாத்தியாரு எப்ப வருவாரு? எட்டு மாசமாச்சு."

"அதையெல்லாம் இப்படி நடுரோட்டில் கேட்கக் கூடாது. ஒரு பெட்டிஷன் எழுதிக் கொடு."

"எழுதத் தெரியாதுங்க. வாத்தியாரு வரலைல்ல?"

குமாரவேல் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அதிகாரி, "வண்டியை எடு" என்றார். பிள்ளைகள் நகரவில்லை. கேள்வி கேட்டாயிற்று, இன்னும் பதில் வரவில்லை, அவர்கள் ஏன் நகர வேண்டும்? கடைசியில், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பூண்டிக்கு வந்திருந்த மணியகாரர் திருமலைச்சாமி ஓடி வந்து அவர்களை ஓரத்துக்கு இழுத்துவிட்டார்.

மறுநாள் அதிகாரி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். உள்ளே சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "கூக்காலுக்கு நாம் எல்லோரும் போகிறோம். தமிழ்ப் படத்தைப் போட்டுக் காட்டுகிறோம். அப்புறம் நீர் எழுந்து, நான் முன்னே சொன்னது பிழை என்று பிள்ளைகளிடம் சொல்கிறீர். சொன்ன உடனே அங்கேயே உம்முடைய ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஏப்ரலில் ஊருக்குப் போகலாம்" என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். விசாலாட்சி அக்காவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

"ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு என்னவாம்? தப்புன்னு சொல்லிட்டு வாங்க. ஊரே பெர்மனண்ட் பெர்மனண்டுன்னு கேக்குது. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு பழனிக்குப் போவேன்? நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி."

"சொல்லிருங்கண்ணே" என்று நானும் சொன்னேன்.

"சொன்ன கதையை நான் இதுவரைக்கும் திருப்பி வாங்குனது இல்ல, பாய்" என்றார் அண்ணன். "நாலாவது மண்டபத்துல சொன்னதை அஞ்சாவது மண்டபத்துல தப்புன்னு சொன்னா, மேல ஏறுனவன் அத்தனை பேரும் எறங்கிப் போயிருவான்."

ஒன்பது வருஷம் மன்றாடியும் வராத தமிழ்ப் படம் நாலே நாளில் வந்து சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைப் பேரிஜம் ஏரியில் வீசிவிடலாம் போலிருந்தது. வீசவில்லை. ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பூண்டியிலிருந்து கூக்காலுக்கு அதிகாரியை மட்டக்குதிரையில் ஏற்றினோம். அது ஜெனரேட்டர் சுமக்கிற குதிரை. ஜெனரேட்டர் வாய் பேசாது, அங்கே இங்கே அசையாது. இவர் இரண்டும் செய்ததால் குதிரைக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தது. அவருக்கு அந்தப் பாதையில் அதுதான் முதல் பயணம். அந்தப் பகுதிக்கு அதிகாரியாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் கம்பளிகள் தொங்கின. பிள்ளைகள் தரையில். இருந்த ஒரே நாற்காலியில் அதிகாரி. வாசலில் திருமலைச்சாமியும் ஊர்க்காரர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் மிஷினை ஓட்டினேன். 'குடிமகனின் கடமைகள்' என்று கொட்டை எழுத்தில் விழுந்தது. அண்ணனுக்கு அன்று வேலையில்லை. படமே தமிழ் பேசியது. கனமான ஒரு குரல், தொண்டையில் கஞ்சி போட்ட மாதிரி.

கண்ணாடிக்காரர் நடுரோட்டில் கை காட்டினார். கார் நின்றது. அதிகாரி இறங்கினார். குரல் சொன்னது: 'நல்ல குடிமகன் பொது வழியில் அதிகாரிகளை மறித்து அவர்களின் காலத்தை வீணாக்க மாட்டான். அவர்களின் காலம் நாட்டின் காலம். குறையிருப்பின் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொறுமையுடன் காத்திருப்பான்.'

"இந்தாளு தப்பாச் சொல்றான்" என்றது இருட்டில் ஒரு பிள்ளைக் குரல். "படத்து ஐயாவுக்குத்தான் சரியாத் தெரியும்."

படம் முடிந்து கம்பளிகளை இறக்கினார்கள். வெளிச்சம் வந்ததும் அதிகாரி தோல் பையிலிருந்து ஆர்டரை எடுத்து முழங்காலில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். அண்ணன் எழுந்தார். அதிகாரியே எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. படிக்கட்டு ஏறி இறங்கின அந்தக் குரல் அன்று எங்கே போயிற்றோ. "குடிமக்கள் கை காட்டினால் அரசு வாகனம் நிற்க வேண்டும் என்றும், அலுவலர் நின்றுகொண்டு விடையளிக்க வேண்டும் என்றும் நான் முன்னர் கூறியது பிழையென இதன்மூலம் அறிவிக்கிறேன்" என்று வாசித்துவிட்டுப் படப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

அதிகாரி பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் காளியாயி எழுந்து கையைத் தூக்கியது. அதிகாரியைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்து.

"நீங்களும் சர்க்கார் ஆளுதானே ஐயா?"

"ஆமா, தாயி."

"அப்ப எந்திரிச்சு நில்லுங்க."

அது பிழை என்று இப்போதுதான் அறிவித்தாயிற்று. அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"எங்க வாத்தியாரு எப்ப வருவாரு?"

எனக்கு அவரைத் தெரியும். ஒரு கதை வரப்போகிறது, வாத்தியார் புறப்பட்டுவிட்டார், வழியில் இருக்கிறார் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்து மூடினார்.

"தெரியாது, தாயி" என்றார். "எனக்கு எதுவும் தெரியாது. ஐயாவுக்குத்தான் தெரியும்."

நாற்பது தலையும் அதிகாரி பக்கம் திரும்பின. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கிளம்பிப் போய்விடலாம் என்று சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவர் எழுந்து நின்றதைப் பார்த்ததும் பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள். இருமிக்கொண்டிருந்த பிள்ளைகூட வாயைப் பொத்திக்கொண்டது. ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார், இனிப் பதில் சொல்வார். காளியாயி கையை இறக்கிக் கட்டிக்கொண்டு, நன்றாகக் கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்றது. வாசலில் நின்ற ஊர்க்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வழிவிடவில்லை. அவர் வெளியே போக எழுந்தார் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் வாசலைப் பார்த்தார். பதில் சொல்லாமல் உட்காரவும் முடியாது, போகவும் முடியாது.

"அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வருவார்" என்றார் அதிகாரி.

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் காளியாயி உட்கார்ந்தது. பின்வரிசையில் ஒரு பொடியன், "பார்த்தியாலே, சட்டம் சரிதான்!" என்று கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஆர்டரையும் வைத்தார்.

ஞானவேல் வாத்தியார் ஒன்றாம் தேதி வந்தார், இரண்டு ஸ்வெட்டரோடு. அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். அதற்குள் காளியாயி எழுதப் பழகிவிட்டதாம். பழகினதும் முதல் பெட்டிஷன் வாத்தியார் மேலேயே போட்டதாகக் கேள்வி.

ஏப்ரலில் அண்ணன் வேலையைப் புதுப்பிக்கவில்லை. தமிழ்ப் படங்கள் வந்துவிட்டபடியால் விளக்கவுரையாளர் தேவையில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்பது வருஷமாக நாங்கள் கேட்டது அப்படிக் கிடைத்தது. அதே ஏப்ரலில் என் வேலை நிரந்தரமானது. 'ஒன்பது ஆண்டுகளாக எவ்விதப் புகாருக்கும் இடமின்றி அமைதியாகப் பணியாற்றியவர்' என்று சுவாமிநாதன் தன் கையால் எழுதியிருந்தார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சோலியாகப் பழனிக்குப் போனபோது அடிவாரத்தில் அண்ணனைப் பார்த்தேன். தம்பிகளிடம் கெஞ்சிக்கூத்தாடி இரண்டு ஊர் யாத்திரிகர்களை வாங்கியிருந்தார். வேட்டி பழசாகியிருந்தது. விசாலாட்சி அக்கா இப்போது ஓரகத்திகள் வீட்டுப் பக்கம் போவதே இல்லை என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"பெர்மனண்ட் ஆயிருச்சாமே, பாய். சந்தோசம்" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்புறம் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கணும். ஒன்பது வருஷம் நான் சொன்னதெல்லாம் தப்புன்னு ஒங்களுக்குத் தெரியும். என்கிட்ட சொன்னீங்க. பிள்ளைக முன்னாடி ஒரு நாளாச்சும் சொன்னீங்களா? ஏன் சொல்லல?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உக்காந்துக்கிட்டுச் சொன்னா செல்லாது. நீங்க இப்ப சர்க்கார் ஆளு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீ ஆறிப்போகும் வரை நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.